நிச்சயம் முன்னே, பி.ஆர். நடுவே, கல்யாணம் பின்னே

வாசகி எழுதியது, சுருக்கமாக:

“எனக்கு வயது 27. ஏற்காடு மலையில் நாகலூர் சொந்த ஊர்; சேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவருக்கு ஆத்தூர் பக்கம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற முறை வழியாகக் கனடா பி.ஆர். (நிரந்தர வாச உரிமை) வாங்கி, போன வருடம் ஜூலையில் ஒன்டாரியோவில் போய் இறங்கினார். அதற்கு முன்பு, மே மாதமே எங்களுக்கு நிச்சயம் முடிந்துவிட்டது. இந்த வருடம் ஆவணி 20, அதாவது செப்டம்பர் 5 அன்று, அம்மாப்பேட்டையில் மண்டபத்தில் கல்யாணம். மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பினார். கல்யாணத்தை இன்னும் பதிவு செய்யவில்லை. நவம்பரில் அவருக்கு வேலை போய்விட்டது. வேலையிழந்தோருக்கு அங்கே தரும் இன்ஷூரன்ஸ் தொகை வாங்குகிறார். பொங்கலுக்கு வருகிறார், வந்தால் ஆறு மாதம் இங்கேயே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறார். 2022இல் எனக்குக் கனடா படிப்பு விசா மறுக்கப்பட்டது. இங்கே ஒரு ஏஜென்ட், ‘நிச்சயத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள், அவர் பி.ஆர். ஃபைலில் அதைக் காட்டவில்லை. பழைய ரிஜெக்‌ஷனையும் சொல்ல வேண்டாம். லவ் மேரேஜ் என்று எழுதினால்தான் நம்புவார்கள்’ என்கிறார். பாஸ்போர்ட்டில் எனக்கு ஒற்றைப் பெயர். என்னை மனைவியாக அங்கே அழைத்துக்கொள்ளும் விண்ணப்பத்தை, கணவர் பெயரைச் சேர்த்த பிறகுதான் போட வேண்டுமா?”

சகோதரிக்கு,

ஏஜென்ட் சொன்ன மூன்றில் ஒன்றைக்கூடச் செய்யாதீர்கள். உங்கள் கதையில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. நல்ல ஃபைலை அவரே கெடுத்துக் கொடுக்கப் பார்க்கிறார்.

முதலில் நிச்சயம். பி.ஆர். வாங்குகிறவர் விண்ணப்பத்தில் தன் குடும்பத்தை முழுவதும் காட்டியிருக்க வேண்டும்; கல்யாணமாகியும் மனைவியைக் காட்டாமல் லேண்டிங் ஆனவர் (பி.ஆர். ஆக அங்கே போய் இறங்கியவர்) பிறகு அந்த மனைவியை ஸ்பான்சர் செய்ய, அதாவது தன் பொறுப்பில் அழைத்துக்கொள்ள, முடியாது. கனடா குடியேற்ற விதி 117(9)(டி) என்று இதற்குப் பெயர். பல குடும்பங்களைக் கண்ணீர் விட வைத்த விதி இது. ஆனால் அது மனைவி, குழந்தைகளைப் பற்றியது. தட்டு மாற்றிக்கொண்டதால் யாரும் சட்டப்படி மனைவி ஆவதில்லை. லேண்டிங் நாளில் அதிகாரி “திருமண நிலையில் மாற்றம் உண்டா?” என்று கேட்டிருப்பார், “இல்லை” என்று உங்கள் கணவர் சொன்னது உண்மை.

ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். நிச்சயத்தோடு சேர்த்து, “விசாவுக்கு உதவும்” என்று யாராவது சொல்லி, பதிவுத் திருமணம் எதுவும் செய்துகொண்டீர்களா? கோயிலில் மாலை மாற்றி ரசீது வாங்கினீர்களா? மே மாதத்தில் அப்படி ஏதாவது நடந்திருந்தால் கணக்கே வேறு. எந்தப் படிவத்தையும் தொடாமல் உரிமம் உள்ள வக்கீலிடம் போங்கள். வெறும் நிச்சயம்தான் என்றால், தேதியோடு தைரியமாக எழுதுங்கள். உறவு எப்போது, எப்படித் தொடங்கியது என்று படிவத்திலேயே கேள்வி இருக்கிறது. மே மாதத்து நிச்சயத்தை மறைத்தால், பெண் பார்த்ததற்கும் கல்யாணத்துக்கும் நடுவே ஒரு வருடம் காணாமல் போகும். அந்த ஓட்டைதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

அடுத்தது பதிவு. இதில்தான் உங்களுக்கு நாள் எண்ண வேண்டிய அவசரம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். செப்டம்பர் 5இலிருந்து எண்ணினால் 90ஆவது நாள் டிசம்பர் 4, அது போய்விட்டது. 150ஆவது நாள் பிப்ரவரி 2. பொங்கலுக்கு அவர் வரும்போது 130 நாளைத் தாண்டியிருக்கும். இந்தப் பயணத்தில் முடிக்காவிட்டால் இந்தச் சட்டத்தின் கீழ் காலம் கடந்துவிடும். பிறகு இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிய வழி கேட்டு அலைய வேண்டும். அதற்கும் அவர் மறுபடி ஒரு டிக்கெட் எடுத்து வர வேண்டும்.

பொங்கல், மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள் என்று மூன்று நாள் அரசு அலுவலகம் பூட்டியிருக்கும். சனி ஞாயிறு சேர்ந்தால் வாரமே போச்சு. எனவே போகிக்கு ஒரு வாரம் முன்பே அவர் வந்துவிடும்படி டிக்கெட்டைப் பாருங்கள். சேலத்தில் சார்பதிவாளர் அலுவலகங்கள் பல உண்டு. மண்டபம் எந்த அலுவலக எல்லையில் வருகிறதோ அங்கே போனால் கேள்வி எழாது. பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பத்தை நீங்கள் இப்போதே நிரப்பி வையுங்கள். கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது, இருவரின் வயது, முகவரிச் சான்று, தாலி கட்டும் படம், சாட்சிகளின் ஆதார் எல்லாம் கையில் இருந்தால், அவர் வந்ததும் இருவரும் சாட்சிகளோடு நேரில் போய்க் கையெழுத்துப் போடுவதுதான் மிச்சம். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் மேஜையிலேயே நின்று எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள். கணவர் பெயர் பாஸ்போர்ட்டில் விரிந்திருக்க, சான்றிதழில் இனிஷியலோடு நின்றிருக்கும். பத்திரிகையில் ‘ஸ்ரீ’ என்று இருப்பது சான்றிதழில் ‘சிறீ’ ஆகியிருக்கும். அன்றே திருத்துவது எளிது. அவர் விமானம் ஏறிய பிறகு அதுவே பெரிய வேலை. கல்யாண நாளும் பதிவு நாளும் வேறுவேறாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் விண்ணப்பத்தில் திருமணத் தேதி என்று கேட்கும் இடமெல்லாம் செப்டம்பர் 5தான். ஒரு படிவத்தில் செப்டம்பர், இன்னொன்றில் ஜனவரி என்று எழுதித் திண்டாடுபவர்கள் நிறைய.

யாராவது “மாப்பிள்ளை வரத் தேவையில்லை, வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம்” என்றால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். திருமணச் சடங்கில் மணமக்களில் ஒருவராவது நேரில் இல்லாத கல்யாணத்தை, அதாவது போன், இணையம், பதில் ஆள் வழியாக நடந்ததை, ஸ்பான்சருக்குக் கனடா ஏற்பதில்லை. உங்கள் கல்யாணத்தில் அந்தச் சிக்கல் இல்லை. தேவையில்லாமல் உண்டாக்கிக்கொள்ள வேண்டாம்.

இனி வேலை போன விஷயம். நீங்கள் பயப்படும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. மனைவியை ஸ்பான்சர் செய்ய இவ்வளவு சம்பளம் வேண்டும் என்ற வரம்பு பொதுவாகக் கிடையாது; பெற்றோரை அழைக்கும்போதுதான் அந்தக் கணக்கெல்லாம். தடை ஆவது, அரசின் ஏழ்மை உதவித்தொகை வாங்கிக்கொண்டிருப்பது. ஒன்டாரியோவில் ‘ஒன்டாரியோ வொர்க்ஸ்’ என்பார்களே, அது. உடல் ஊனத்துக்காகத் தரப்படும் தொகைக்கு விலக்கு உண்டு. உங்கள் கணவர் வாங்குவது சம்பளத்தில் பிடித்துக் கட்டிய காப்பீட்டிலிருந்து வரும் தொகை. அது ஏழ்மை உதவியில் சேராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, வேலை கிடைக்கட்டும் என்று ஒரு வருடத்தை வீணாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியாக வரி கட்டியதற்கான அரசு நோட்டீஸை வைக்கச் சொல்லுங்கள். வேலைக் கடிதம் இப்போது தர முடியாது. எப்போது வேலை போனது, என்ன தொகை வருகிறது, சேமிப்பு எவ்வளவு, வேலை தேட என்ன செய்கிறார் என்று அரைப் பக்கத்தில் விளக்கம் எழுதி அந்த இடத்தில் வைத்தால் போதும். வேலையில் இருப்பதாகப் பழைய கடிதத்தைச் செருக வேண்டாம்.

ஆறு மாதம் இங்கே தங்கும் யோசனையை மட்டும் கைவிடச் சொல்லுங்கள். கனடாக் குடிமகன் என்றால் வெளிநாட்டில் இருந்துகொண்டே, மனைவி போகும்போது தானும் திரும்பிவிடுவேன் என்று காட்டி ஸ்பான்சர் செய்யலாம். பி.ஆர். மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை; விண்ணப்பம் போடும்போதும் அது நடக்கும்போதும் அவர் கனடாவில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். இரண்டு, மூன்று வாரம் வந்துபோவது விடுமுறை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஆறு மாதம் நாகலூரில் இருந்தால் குடியிருப்பது எங்கே என்ற கேள்வி வரும். இன்னொன்று: அந்தக் காப்பீட்டுத் தொகை பொதுவாகக் கனடாவுக்கு வெளியே இருக்கும் நாட்களுக்குக் கிடைக்காது. வந்துபோகும் தேதிகளை, அந்தத் தொகைக்காகக் கொடுக்கும் அறிக்கையில் அவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வாங்கினால் பின்னால் திருப்பிக் கட்ட வேண்டிவரும், அபராதமும் சேரும்.

உங்கள் 2022 மறுப்பு. ‘எந்த நாட்டுக்காவது விசா மறுக்கப்பட்டதா?’ என்று படிவத்தில் நேராகக் கேட்பார்கள். நீங்கள் விண்ணப்பித்தது கனடாவுக்கே. அந்த ஃபைல் அவர்கள் கணினியில் இருக்கிறது. “இல்லை” என்று டிக் செய்தால், மறுத்தவர்களிடமே மறுக்கவில்லை என்று சொல்வதாகும். தவறான தகவல் தந்ததாகத் தீர்மானித்தால் 5 வருடம் கனடாப் பக்கம் போக முடியாது; அந்த 5 வருடத்துக்குப் பி.ஆர். விண்ணப்பமும் போட முடியாது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. படிப்பு விசா மறுக்கப்படுவது, மனைவியாகப் போவதற்குத் தடை இல்லை. எந்த மாதம், எந்தக் கல்லூரிக்கு, என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் என்று மூன்று வரி எழுதினால் முடிந்தது.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு: அந்தப் படிவத்தில் அப்போது என்ன எழுதப்பட்டது என்பது. ஏஜென்ட்தானே நிரப்பியிருப்பார்? வேலை அனுபவத்தை இரண்டு வருடம் நீட்டியிருக்கலாம், கல்லூரி முடித்த தேதியை மாற்றியிருக்கலாம். இப்போது நீங்கள் உண்மையை எழுதினால் இரண்டும் ஒத்துப்போகாது. பழைய பிரதி கையில் இல்லை என்றால், கனடாவில் இருக்கும் உங்கள் கணவர், உங்கள் சம்மதப் படிவத்தோடு, தகவல் பெறும் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டி உங்கள் பழைய ஃபைலையும் அதிகாரியின் குறிப்புகளையும் கேட்டு வாங்கலாம். சட்டப்படி 30 நாள். சில சமயம் இழுக்கும். பதிவு வேலை நடக்கும் இந்த இடைவெளியில் இதைப் போட்டு வையுங்கள். பழையதில் தவறு இருந்தால், “அன்று இப்படி எழுதப்பட்டிருக்கிறது, சரியானது இது” என்று நீங்களே முந்திக்கொண்டு விளக்குவதுதான் வழி.

லவ் மேரேஜ் என்று எழுதச் சொன்ன யோசனைக்கு வருகிறேன். பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணத்தை அந்த அதிகாரிகள் வருடம் முழுவதும் பார்க்கிறார்கள். அதில் அவர்களுக்கு அதிசயம் எதுவும் இல்லை. அவர்கள் பார்ப்பது இரண்டு விஷயம்: கல்யாணம் உண்மையா, குடியேறுவதற்காகவே முக்கியமாகச் செய்துகொண்டதா. இரண்டில் எது தவறினாலும் மறுக்கலாம். பார்த்து வைத்த கல்யாணம் என்றால், உங்கள் வழக்கப்படி அது எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வழக்கத்திலிருந்து விலகிய இடத்தில்தான் கேள்வி கேட்பார்கள். மணமகன் பக்கத்தில் நாலே பேர் வந்திருந்தால் ஏன்? பெண்ணுக்கு மாப்பிள்ளையைவிட வயது அதிகம் என்றால் ஏன்? வரவேற்பு வைக்கவில்லையே, ஏன்? விலகல் இருப்பது குற்றமில்லை, விளக்கம் இல்லாமல் இருப்பதுதான் சிக்கல்.

உறவைப் பற்றி விவரமாகக் கேட்கும் படிவம் ஐ.எம்.எம். 5532. யார் அறிமுகம் செய்தார்கள், எப்போது நேரில் பார்த்தீர்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் வரும். ‘எங்கள் உறவினர்கள் மூலம் சந்தித்தோம், ஒருவரை ஒருவர் பிடித்தது, மிகவும் நேசிக்கிறோம்’ என்று எழுதிவிடுவார்கள் நம்மவர்கள். ஆயிரம் ஃபைலில் இதே வரிதான் இருக்கும். இப்படி எழுதிப் பாருங்கள்: “கணவரின் சித்தி வாழப்பாடியில் எங்கள் அத்தை வீட்டுக்கு அடுத்த தெரு. அவர்தான் ஜாதகம் கொண்டுவந்தார். பொருத்தம் பார்த்த பிறகு இரண்டு வாரம் வீடியோ காலில் பேசினோம். அவர் விடுமுறையில் வந்தபோது, குடும்பத்தோடு ஏழு பேர் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். நான் வேலையை விட மாட்டேன் என்று அன்றே சொன்னேன். அங்கே ஆசிரியர் உரிமத்துக்கு என்ன படிக்க வேண்டும் என்று அவர் தேடி அனுப்பினார்.” உங்கள் விஷயத்தில் விவரம் வேறாக இருக்கும், அளவும் நிறமும் இப்படி இருக்கட்டும். கணவருக்கும் தனியாகக் கேள்விகள் உண்டு. இருவரும் சேர்ந்து மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆனால் தேதிகளைக் காலண்டரை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்க வந்தது கார்த்திகையா மார்கழியா என்று இருவரும் இரண்டு விதமாக எழுதியிருந்தால் பிறகு விளக்குவது கஷ்டம்.

சான்றுகள். படங்கள் 20, பேச்சுப் பரிமாற்றம் 10 பக்கம் என்று உச்ச அளவு வைத்திருக்கிறார்கள். ஸ்டுடியோக்காரர் கொடுத்த 400 படத்தில் எதை எடுப்பது? ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனையில் கைகோத்து எடுத்த போட்டோ ஷூட் அழகாகத்தான் இருக்கும். அதில் ஒன்று போதும். அதிகாரிக்கு வேண்டியது, பந்தியில் இலை முன்னால் உங்கள் மாமியாரும் உங்கள் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படம். பெண் பார்த்த நாளில் இரண்டு, நிச்சயத்தில் நான்கு, தாலி கட்டும்போது, மெட்டி போடும்போது, இரு வீட்டாரும் மேடையில் நிற்பது என்று ஆறேழு, மறுவீடு, அவர் ஊருக்குக் கிளம்பிய நாள், பொங்கலுக்கு வந்தபோது எடுப்பது என்று காலவரிசையில் பிரித்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி, இடம், யார் யார் என்று ஒரு வரி. “இடமிருந்து: என் அப்பா, அவர் அண்ணன், நான், அவர்” என்றால் போதும்.

நம்மிடம் இருக்கும் நல்ல சான்று ஒன்றை யாரும் நினைப்பதே இல்லை: மொய் நோட்டு. ஊர் பேரோடு நூற்றுக்கணக்கான பெயர், தொகை, எழுதியவர் கையெழுத்து. எந்த ஏஜென்டும் ஜோடிக்க முடியாத ஆவணம். முதல் பக்கமும் நடுவில் ஒரு பக்கமும் மொழிபெயர்த்து வைத்தால் போதும். பத்திரிகை, மண்டபம் பிடித்த ரசீது, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசும் மெட்டியும் வாங்கிய பில், அவர் உங்களுக்குப் பணம் அனுப்பிய வங்கிக் கணக்குப் பக்கம், வந்துபோன விமான டிக்கெட் எல்லாம் இதோடு சேரும்.

வாட்ஸ்ஆப்பில் பத்துப் பக்கம் என்றால் குட் மார்னிங் படங்களால் நிரப்பாதீர்கள். நிச்சயத்திலிருந்து இன்றுவரை மாதத்துக்கு ஒரு நாள் என்று எடுங்கள். வேலை போன அன்று அவர் என்ன எழுதினார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், மழையில் மலையில் சிக்னல் இல்லாமல் இரண்டு நாள் பேச முடியாமல் போய்ப் பிறகு நடந்த சண்டை, அதுதான் குடும்பம் என்று தெரியும் பக்கங்கள். அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் இரண்டு. ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாலும் அது தமிழ்தான், மொழிபெயர்ப்பு வேண்டும்.

மொழிபெயர்ப்பை நீங்களோ கணவரோ குடும்பத்தில் யாருமோ செய்யக் கூடாது, உங்கள் பி.எட். ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. வேறொருவர் செய்து, இது சரியான மொழிபெயர்ப்பு என்று நோட்டரி முன் சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் நோட்டரிகள் இருக்கிறார்கள். தமிழ் மூலத்தின் சான்றிட்ட நகல், ஆங்கிலம், பிரமாணம் மூன்றும் ஒரே தொகுப்பாக இருக்கட்டும். பிரமாணத்தை மட்டும் விட்டுவிட்டு அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

பெயர் விஷயத்துக்குப் பதில் சுருக்கம்: கணவர் பெயரைச் சேர்க்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பம் போகட்டும். சான்றிதழ், பிசிசி (காவல்துறை நற்சான்று), பழைய ஃபைல் எல்லாம் ஒரு பெயரில் இருக்க, பாஸ்போர்ட்டை இப்போது மாற்றினால் நீங்களே முடிச்சுப் போடுகிறீர்கள். உங்களுக்கு ஒற்றைப் பெயர் என்பதால் ஒரு நுணுக்கம் உண்டு: குடும்பப் பெயர் கட்டத்தில் அந்த ஒற்றைப் பெயரை எழுதி, சொந்தப் பெயர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். புள்ளி, நட்சத்திரக் குறி, ‘பொருந்தாது’ என்ற எழுத்து எதுவும் அதில் வேண்டாம். அப்பா பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயராக்கிவிட்டால் பாஸ்போர்ட்டோடு பொருந்தாது.

வாழ்க்கை விவரம் கேட்கும் ஐ.எம்.எம். 5669 படிவத்தில்தான் திருப்பி அனுப்பப்படும் ஃபைல்கள் அதிகம் சிக்குகின்றன. 18 வயது ஆனதிலிருந்து (அது 10 வருடத்துக்கு மேல் என்றால் கடந்த 10 வருடம்) மாதம் விடாமல் எழுத வேண்டும். பி.எட். முடித்து வேலை கிடைப்பதற்கு முன் நாலு மாதம் வீட்டில் இருந்தீர்களா? “வேலை தேடிக்கொண்டிருந்தேன், நாகலூர்” என்று அதற்கும் ஒரு வரி. வாரநாளில் சேலம் விடுதி, சனி ஞாயிறு மலை என்று இருந்தால், அதிக நாள் தங்கிய விடுதிதான் முகவரி. இடைவெளி இருந்தால் மறுக்க மாட்டார்கள். முழுமையில்லை என்று பிரிக்காமலே திருப்புவார்கள், வரிசையில் உங்கள் இடமும் போய்விடும்.

பிசிசி-யை பாஸ்போர்ட் சேவா தளத்தில் ‘கனடா’ என்று குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். கட்டணம் 500 ரூபாய். தபால் நிலைய சேவா மையங்களிலும் 2022 செப்டம்பர் முதல் இதற்கு இடம் உண்டு. இப்போதைய முகவரி என்று நாகலூரைக் கொடுத்தால் விசாரணை ஏற்காட்டுக் காவல் நிலையத்துக்குப் போகும். அந்த வாரம் நீங்கள் சேலம் விடுதியில் இருந்தால் “ஆள் இல்லை” என்று எழுதிவிடுவார்கள். எடுத்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பத்தோடு போக வேண்டும் என்பதால், பதிவுச் சான்றிதழ் வந்த பிறகு எடுத்தால் போதும்.

கட்டணம் முழுவதும் கனடா டாலரில். 2024 ஏப்ரல் 30 முதல் வந்த பட்டியலில் ஸ்பான்சர் 85, உங்கள் விண்ணப்பம் 545, நிரந்தர வாச உரிமை 575, மொத்தம் 1,205. கைரேகைக்குத் தனியாக 85. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விலைவாசியோடு ஏற்றுவார்கள், எனவே கட்டும் நாளில் தளத்தில் இருக்கும் தொகையைப் பார்த்துக் கட்டச் சொல்லுங்கள். குறைந்தால் ஃபைல் திரும்பும். உரிமைக் கட்டணத்தைப் பின்னால் கட்டலாம் என்றாலும், முதலிலேயே சேர்த்துக் கட்டுவது கடைசி நேரத் தாமதத்தைத் தவிர்க்கும்.

கைரேகைக் கடிதம் வந்ததும் 30 நாளுக்குள் போக வேண்டும். 2022இல் கொடுத்தது பத்து வருடம் செல்லுமே என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் கணக்கு தற்காலிக விசாவுக்கு. பி.ஆர். விண்ணப்பத்துக்கு மறுபடி கொடுக்க வேண்டும். சென்னை மையத்துக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. சேலத்திலிருந்து பெங்களூரு 200 கிலோமீட்டர் சுமார், சென்னை அதைவிட வெகு தூரம். மெடிக்கல், கடிதம் வந்த பிறகு, பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும். ஊர் டாக்டர் சான்றிதழ் செல்லாது. சர்க்கரை, தைராய்டு இருந்தால் மறைக்க வேண்டாம். அதிக வைத்தியச் செலவு ஆகும் என்று மனைவியை மறுக்க அங்கே சட்டத்தில் இடமில்லை.

அதுவரை சுற்றுலா விசாவில் போய் இருக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதி ஃபைல் ஓடும்போது எல்லோரும் கேட்பார்கள். போடலாம். நிரந்தரமாகப் போகும் எண்ணம் இருப்பதே தற்காலிக விசாவுக்குத் தடை ஆகாது என்று சட்டமே சொல்கிறது. விண்ணப்பம் பெற்றுக்கொண்ட கடிதம் வந்த பிறகு அதையும் இணைத்துப் போடுங்கள். கிடைத்தால் அங்கே சென்று, முறையான தங்கும் நிலையோடு, திறந்த வேலை அனுமதி கேட்கவும் வழி உண்டு. கிடைக்காவிட்டாலும் பி.ஆர். ஃபைலுக்குச் சேதமில்லை. எனவே இதை நம்பிப் பள்ளி வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.

ஃபைல் போடும்போது ‘கனடாவுக்கு வெளியே’ என்ற வகையிலேயே போடுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் கணவர் குடியேற்ற மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். கனடாவுக்குள் இருந்து போடும் வகையில் அந்த மேல்முறையீடு கிடையாது.

கணவர் கையெழுத்துப் போடும் ஐ.எம்.எம். 1344இல், நீங்கள் பி.ஆர். ஆன நாளிலிருந்து 3 வருடம் உங்கள் அடிப்படைச் செலவுக்கு அவர் பொறுப்பு என்று ஒப்புக்கொள்கிறார். நடுவில் பிரிந்தாலும், அவருக்கு வேலை இல்லாவிட்டாலும் அந்தப் பொறுப்பு போகாது. “இரண்டு வருடம் சேர்ந்து வாழாவிட்டால் பி.ஆர். போய்விடும்” என்று ஊரில் இன்னும் சொல்வார்கள், அந்த நிபந்தனையை 2017 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள். ஃபைல் ஓடும்போது குழந்தை உண்டானால், பிறந்த உடனே தெரிவித்து விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். அப்பா பி.ஆர். மட்டுமே என்பதால், இங்கே பிறக்கும் குழந்தை தானாகக் கனடாக் குடிமகன் ஆகாது. அதைச் சேர்க்காமல் நீங்கள் மட்டும் லேண்டிங் ஆனால், மேலே சொன்ன 117(9)(டி) அப்போது குழந்தை மேல் விழும்.

ஏஜென்ட் பற்றி. காசு வாங்கிக்கொண்டு கனடாக் குடியேற்றத்துக்கு ஆலோசனை சொல்லவோ படிவம் நிரப்பவோ, அங்குள்ள குடியேற்ற ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் உறுப்பினராகவோ, அங்குள்ள ஒரு மாகாண வக்கீல் சங்கத்திலோ கியூபெக் நோட்டரிகள் சங்கத்திலோ உறுப்பினராகவோ இருக்க வேண்டும். உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள்; கல்லூரியின் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். உரிமம் உள்ளவர் என்றால், ஐ.எம்.எம். 5476 படிவத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார். “என் பெயர் எதிலும் வர வேண்டாம், நீங்களே போட்ட மாதிரி இருக்கட்டும்” என்கிறவரிடமிருந்து சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். யாரை வைத்தாலும் விண்ணப்பத் தளத்தின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் உங்களுடையதாக இருக்கட்டும். கைரேகைக் கடிதம் ஏஜென்டின் இன்பாக்ஸில் தூங்கி, 30 நாள் போனது தெரியாமல் இருந்தவர்கள் உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று: கணவர் டிக்கெட்டைப் போகிக்கு ஒரு வாரம் முன்னதாக மாற்றுவது, பதிவுத்துறைத் தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி வைப்பது, 2022 ஃபைலுக்கு அந்த 5 டாலரைக் கட்டுவது. மொய் நோட்டு யாரிடம் இருக்கிறது என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு பெரியப்பா வீட்டுப் பீரோவில்தான் இருக்கும்.